மாயாவி படம் எப்ப வரும், பாப்பா?

போன மாதம் செண்டாயானுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பெரியப்பா கேட்டுவிட்டார்: "மாயாவி படம் என்னாச்சு பாப்பா? எடுக்கிறானுங்களா இல்லையா?"

வானொலியில் வேலை செய்பவளுக்குச் சென்னையில் நடப்பதெல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. எனக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்ததுதான். 2017இல் 'மாநகரம்' வந்தது. அதற்குப் பிறகு இயக்குநர் லோகேஷ் கனகராஜ், சூர்யாவை வைத்து 'இரும்புக்கை மாயாவி' எடுக்கப் போகிறார் என்று செய்தி வந்தது. நான் உடனே பெரியப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அதுதான் நான் செய்த தவறு. அன்றிலிருந்து ஆரம்பித்தது இந்த விசாரணை. 'கைதி' வந்தது, 'மாஸ்டர்' வந்தது. 2022இல் 'விக்ரம்' படத்தில் சூர்யாவும் வந்தார், ஆனால் ரோலக்ஸாக. 'லியோ'வும் 'கூலி'யும் வந்து போயின. மாயாவி மட்டும் வரவில்லை. கைவிடவில்லை என்று லோகேஷ் பேட்டிகளில் சொல்லிவந்திருக்கிறார். நானும் அதையே பெரியப்பாவிடம் சொல்லிவருகிறேன்.

பெரியப்பாவுக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. கண் அழுத்த நோயில் வலது கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. இடது கண்ணுக்குத் தினமும் சொட்டு மருந்து. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் இந்தக் கேள்வியை அவர் பொழுதுபோக்காகக் கேட்கவில்லை.

இளைய வாசகர்களில் சிலருக்கு மாயாவியைத் தெரியாமல் இருக்கலாம். அவர் பிறந்தது இங்கிலாந்தில். 1962 அக்டோபரில் 'வேலியன்ட்' என்ற சிறுவர் வார இதழில் 'தி ஸ்டீல் க்ளா' என்ற தொடராக ஆரம்பித்தார். முதலில் எழுதியவர் கென் பல்மர் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. கதாநாயகன் லூயிஸ் கிராண்டேல், ஆய்வுக்கூடத்தில் ஒரு பேராசிரியருக்கு உதவியாளன். விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொள்கிறான். பிறகு உடம்பில் பலத்த மின்சாரம் பாய, ஆள் மறைந்துபோகிறான். இரும்புக் கை மட்டும் மறைவதில்லை. அந்தரத்தில் ஒரு கை தனியாக மிதந்து போகும். கொஞ்ச நேரத்தில் உருவம் திரும்பிவிடும். மறுபடி மறைய வேண்டுமென்றால் மறுபடி மின்சாரம் வேண்டும். எங்கே சாக்கெட் இருக்கிறது என்று தேடி அலையும் ஒரே நாயகன் இவராகத்தான் இருப்பார். நம் கைப்பேசி போலத்தான்.

தமிழுக்கு அவரைக் கொண்டுவந்தது சிவகாசி. 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது, முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'தான். பிறகு 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்', 'உறைபனி மர்மம்' என்று வரிசையாக வந்தன. இங்கிலாந்தில் அந்தத் தலைமுறையே மறந்துவிட்ட ஒரு ஆளைத் தமிழர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரமாக வைத்திருக்கிறோம். சொந்த ஊரில் விலாசம் தொலைந்து, பிழைக்கப் போன ஊரில் பெயர் எடுத்தவர். அந்தக் கதை நமக்கொன்றும் புதிதில்லை.

இனி பெரியப்பா கதை. 1974இல் அவருக்கு இருபத்தொரு வயது. செண்டாயானுக்கு வருவதற்கு முன் வேறொரு தோட்டத்தில், ரப்பர் ஆலையில் வேலை. உறைந்த பாலை ரோலரில் கொடுத்துத் தகடாகப் பிழிந்து, புகைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். ஒரு நாள் தகட்டோடு சேர்ந்து அவர் கையும் உள்ளே போய்விட்டது. வலது மணிக்கட்டுக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு பொய்க் கை கொடுத்தார்கள். பளபளவென்று, யாரோ ஒரு வெள்ளைக்காரனின் நிறத்தில் இருந்த அந்தக் கையை ஒரே ஒரு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு, லயத்து வீட்டுச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். சின்ன வயதில் எனக்கு அந்தச் சுவர் பக்கம் போகவே பயம்.

கை போனவருக்கு மரம் வெட்டும் வேலை கொடுக்க மாட்டார்கள். ஜாகா வேலைதான். செண்டாயானில் ஸ்டோர் கொட்டகைக்கு இரவுக் காவல். அங்கேதான் அவர் மாயாவியைச் சந்தித்தார். கிராணியார் வீட்டுப் பிள்ளைகள் சிரம்பானில் வாங்கிப் படித்து, லயத்துப் பிள்ளைகள் கைமாற்றிப் படித்து, அட்டை போய், முதல் நான்கு பக்கமும் போன நிலையில் கடைசியாக ஜாகா கொட்டகைக்கு வந்து சேரும் புத்தகங்கள். வலது முழங்கையால் புத்தகத்தை அமுக்கிக்கொண்டு, இடது கையால் பக்கம் திருப்பி, அரிக்கேன் விளக்கில் படிப்பார். முதலில் படித்தது 'பாம்புத் தீவு'. அது எப்படித் தொடங்குகிறது என்பது அவருக்கு முப்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

தோட்டத்துப் பிள்ளைகள் அதுவரை அவரை 'மொட்டைக்கை' என்றுதான் கூப்பிட்டார்களாம். புத்தகம் சுற்ற ஆரம்பித்த பிறகு அது 'மாயாவி' ஆனது. இன்றும் செண்டாயானில் பழைய ஆட்களிடம் "மாயாவி வீடு எது?" என்று கேட்டால் கை காட்டுவார்கள். தோட்டத்தில் பெரும்பகுதி பண்டார் ஸ்ரீ செண்டாயான் ஆகி, மாடி வீடுகளும் தொழிற்சாலைகளும் வந்து, சுங்கை பீசியிலிருந்து விமானப்படைத் தளமே இடம் மாறி வந்துவிட்டது. கேட்டுப் பார்க்கப் பழைய ஆட்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

முகம் தெரியாத ஹீரோ

மாயாவியைப் படமாக எடுப்பதில் உள்ள முதல் சிக்கல் செலவோ கிராஃபிக்ஸோ இல்லை. கதாநாயகனின் முகம் தெரியாது என்பதுதான். நம் சினிமாவில் ஹீரோ அறிமுகத்துக்கே பத்து நிமிடம் ஆகும். செருப்பு, கை, கழுத்து, கண் என்று பாகம் பாகமாகக் காட்டி, கடைசியில் முகத்தைக் காட்டும்போது தியேட்டரில் காகிதம் பறக்கும். மாயாவியோ சரியாக அந்த நேரத்தில் காணாமல் போகிறவர். இத்தனை கோடி சம்பளம் கொடுத்து ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, அவரைக் காட்டாமலே சண்டைக் காட்சி எடுக்க எந்தத் தயாரிப்பாளருக்கு மனசு வரும்?

ஆனால் செய்திருக்கிறார்கள். 1933இல் வந்த 'தி இன்விசிபிள் மேன்' படத்தில் கிளாட் ரெயின்ஸின் முகம் கடைசிக் காட்சியில் மட்டும்தான் தெரியும். படம் முழுக்கக் குரலாலேயே நடித்தார். அதனாலேயே எனக்கு அவர் மேல் தனி மரியாதை. எங்கள் தொழில் ஆயிற்றே. 1987இல் இந்தியில் 'மிஸ்டர் இந்தியா' வந்தபோது, மறைந்த ஆள் சிவப்பு வெளிச்சத்தில் தெரிவான் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதைத் தமிழில் பாக்யராஜ் 'என் ரத்தத்தின் ரத்தமே' என்று நடித்தார். 2020இல் மறுபடி வந்த 'தி இன்விசிபிள் மேன்' இன்னும் ஒரு படி மேலே போனது. வெறும் நாற்காலியை, காலியான ஒரு மூலையை கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று நமக்குக் கை நடுங்கும்.

இன்னொரு உதாரணம் நம் மாயாவிக்கு உறவுமுறையே. 'வேலியன்ட்' காலத்துப் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் பலவற்றின் உரிமை இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கிறது. அதே நிறுவனத்திடம் இருக்கும் இன்னொரு நாயகன் ஜட்ஜ் டிரெட். காமிக்ஸில் அவர் தலைக்கவசத்தைக் கழற்றி முகம் காட்டுவதே இல்லை. 1995 படத்தில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் கழற்றிவிட்டார். ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. 2012இல் கார்ல் அர்பன் நடித்தபோது ஒரு காட்சியில்கூடக் கவசத்தைக் கழற்றவில்லை. வசூல் பெரிதாக இல்லைதான். ஆனால் ரசிகர்கள் அந்தப் படத்தைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். சூர்யாவோ வேறு யாரோ, நடிக்கப்போகிறவர் இந்த இரண்டு படங்களையும் ஒரே நாளில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இன்னொரு மாயாவி

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். என் வயதுக்காரர்களிடம் 'மாயாவி' என்றால் பாதிப் பேர் வேறு ஆளை நினைப்பார்கள். ஊதா உடை, கறுப்பு முகமூடி, மண்டை ஓட்டு மோதிரம், வெள்ளைக் குதிரை. லீ ஃபாக் 1936 பிப்ரவரியில் தொடங்கிய 'ஃபேண்டம்'. சூப்பர்மேனுக்கே மூத்தவர். முத்து காமிக்ஸ் அவரை 'வேதாளர்' என்றது. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் 'முகமூடி வீரர் மாயாவி' என்றது. தொண்ணூறுகளில் நான் படித்தது ராணி காமிக்ஸ். ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு மாயாவிகள், இரண்டு கட்சிகள்.

என் கட்சி மாயாவிக்கு ஹாலிவுட்டில் படமே வந்துவிட்டது. 1996இல் பில்லி ஸேன் நடித்தார். தாய்லாந்துக் காடுகளில் போய் எடுத்தார்கள். உடை அப்படியே, குகை அப்படியே, குதிரை அப்படியே. படம் ஓடவில்லை. தொலைக்காட்சியில் போட்டபோது ஆசை ஆசையாகப் பார்த்தேன். பாதியில் பெரியப்பா எழுந்து போய்விட்டார். "ஏன் பெரியப்பா?" என்று கேட்டதற்கு, "தொர மாதிரியே இருக்கான்" என்றார்.

அன்று எனக்குக் கோபம் வந்தது. பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்தபோதுதான் அந்த ஒரு வரி என்ன சொல்கிறது என்று யோசித்தேன். காட்டுக்கு நடுவில் ஒரு வெள்ளைக்காரர். தலைமுறை தலைமுறையாக அப்பாவுக்குப் பிறகு மகன். சுற்றியுள்ள மக்கள் அவரைக் கண்டு பயப்படுகிறார்கள், அவருடைய தீர்ப்புக்காகக் காத்திருக்கிறார்கள். காகிதத்தில் அது மந்திரமாக இருந்தது. பெரியப்பாவின் அப்பா நிஜத்தில் அப்படி ஒருவர் முன்னால் பெரட்டுக் களத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றவர். பங்களாவுக்கு முன்னால் குடை பிடித்துப் போகக்கூடாது என்று இருந்த காலம் அது. மறுபடி ஃபேண்டம் படம் எடுக்கிறவர்கள் கதையை அந்தக் காட்டு மக்களின் கண்ணிலிருந்து சொல்லிப் பார்க்கலாம். அப்படி ஒரு படம் வந்தால் முதல் டிக்கெட் நான் வாங்குவேன். நான் இன்னமும் அந்தக் கட்சிதான்.

இரும்புக்கை மாயாவி இதில் வேறு ஜாதி. அவன் துரை இல்லை, வேலைக்காரன். ஆய்வுக்கூடத்தில் பெரியவர் சொன்னதைச் செய்கிற உதவியாளன். வேலை செய்யும் இடத்தில் அடிபட்டவன். தொடக்கக் கதையில் அவன் நல்லவன்கூட இல்லை. மறையும் சக்தி கிடைத்ததும் புத்தி கெட்டுத் திருட்டில் இறங்குகிறான். பிறகுதான் திருந்தி நிழற்படை என்ற உளவு அமைப்பில் சேர்கிறான். படம் எடுப்பவர்கள் அந்தத் திருட்டு மாயாவியை வெட்டிவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உலகத்தின் மேல் கோபம் வந்த ஒரு கூலிக்காரனுக்கு, யாரும் பார்க்க முடியாத சக்தி கிடைத்தால் அவன் என்ன செய்வான்? நல்ல கேள்வி. 'மாநகரம்' எடுத்தவருக்கு அது கைவந்த களம்தான்.

நம் நாட்டிலும் ஒரு காத்திருப்பு நடந்து முடிந்தது. 1998இல் டிவி1இல் 'கெலுவாங் மேன்' கார்ட்டூன் வந்தது நினைவிருக்கிறதா? இரவில் மனநல மருத்துவமனையிலிருந்து நழுவி வந்து திருடர்களைப் பிடிக்கும் வௌவால் மனிதர். பள்ளிக்கூடத்தில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் அதைப் பேசினோம். அது மனிதர்கள் நடிக்கும் முழு நீளப் படமாக வந்தது 2025இல். இருபத்தேழு வருடம். தியேட்டரில் என் பக்கத்தில் ஒரு மலாய்க்கார அப்பா, மகனுக்கு ஒவ்வொரு காட்சியையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் எரிச்சல் வந்திருக்கும்.

கேரளாவில் 2021இல் 'மின்னல் முரளி' வந்தது. மின்னல் தாக்கிய ஒரு தையல்காரர்தான் ஹீரோ. கிராமம், காதல் தோல்வி என்று எல்லாம் சின்னச் சின்ன விஷயம். ஆனால் மனதில் நிற்கிறது. தமிழில் மிஷ்கினின் 'முகமூடி' 2012இல் வந்து போனது. 2023இல் 'மாவீரன்' படத்தில் சிவகார்த்திகேயன் காமிக்ஸ் வரைகிறவராகவே வந்தார். அவர் வரைந்த வீரனின் கதை அவர் காதிலேயே குரலாக ஒலிக்கும். ஆக, எடுக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

என் ஆசை என்னவென்றால் இது படமாக வேண்டாம், தொடராக வரட்டும். வாராவாரம் இரண்டு பக்கம், மூன்று பக்கம் என்று வந்த கதை அது. ஒவ்வொரு முடிவிலும் மாயாவி ஏதாவது ஒரு ஆபத்தில் தொங்கிக்கொண்டிருப்பார். அதை இரண்டரை மணி நேரத்தில் அடைத்தால் மூச்சுத் திணறும். அறுபதுகளிலேயே நடக்கட்டும். கைப்பேசி வேண்டாம், ட்ரோன் வேண்டாம். பிளாஸ்கோவின் கறுப்பு மையை ஒளிப்பதிவாளர் பார்க்கட்டும். முகத்தில் பாதி எப்போதும் நிழலில் இருக்கும். பாடல் வேண்டுமா என்று கேட்டால், ஒன்றே ஒன்று இருக்கட்டும், எதற்கு வம்பு.

பெரியப்பாவின் ஆசை வேறு. அதைப் போன மாதம்தான் சொன்னார்.

"கை போனதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு அந்தப் புத்தகத்துல இல்ல பாப்பா. ஒடனே இரும்புக் கை வந்துடுது. சட்டைப் பொத்தான் எப்படிப் போட்டான்? கால்சட்டை எப்படிக் கட்டினான்? சோத்தை இடது கையில சாப்பிடறப்ப யாரு மூஞ்சைச் சுளிச்சா? எனக்குப் பொத்தான் போட வர்றதுக்கே எட்டு மாசம் ஆச்சு. அது படத்துல வந்தா நல்லாருக்கும்."

காமிக்ஸ் கிராண்டேல் கையை இழந்த சோகத்தை விறுவிறுவென்று கடந்துவிடுவது உண்மைதான். வாரா வாரம் பையன்களைப் பிடித்து வைக்க வேண்டிய இதழ், பொத்தானுக்கு இடம் ஒதுக்காது. நிழற்படைக்குப் போன பிறகு அந்தக் கைக்குள் துப்பாக்கி, ரேடியோ என்று ஒவ்வொன்றாக வைத்துவிடுவார்கள். சினிமாக்காரர்களுக்கு அதுதான் கண்ணில் படும். பொம்மை விற்கலாம். ஆனால் திரைக்கதையில் ஒரு ஐந்து நிமிடம், ஒரு மனிதன் கண்ணாடி முன்னால் நின்று சட்டைப் பொத்தானோடு போராடும் காட்சி வந்துவிட்டால், பிறகு அந்த இரும்புக் கை முதல் முறை மூடித் திறக்கும்போது தியேட்டர் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சொல்லப்போனால் மாயாவியை முதலில் எடுத்தவள் நான்தான். சிரிக்காதீர்கள். கடைசி வருடப் பாடத்துக்காகப் பத்து நிமிட ஒலி நாடகம் செய்தேன். கண்ணுக்குத் தெரியாத ஹீரோவுக்கு வானொலியை விடப் பொருத்தமான இடம் எது? கதை என்னுடையதுதான், ஒரு தோட்டத்தில் நடப்பது. ஆனால் இரும்புக் கைக்குச் சத்தம் வேண்டுமே. கரண்டியைத் தட்டினேன், சைக்கிள் சங்கிலியை இழுத்தேன், பூட்டை ஆட்டினேன், எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் அம்மா பழைய பால்வாளி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதன் கைப்பிடி விளிம்பில் விழும்போது ஒரு 'டிணுங்' வரும் பாருங்கள், அதுதான். விரிவுரையாளர் அருமை என்றார். பெரியப்பா கேட்டுவிட்டு, "இது பால்வாளி சத்தமில்ல?" என்றார். ஏமாற்ற முடியாது.

கிளம்பும் நேரத்தில் இடது கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டேன். கண்ணை மூடியபடியே பேசினார். சிரம்பானில் பார்ப்பதா, கோலாலம்பூருக்குப் போவதா என்று திட்டம் ஓடியது. "ரொம்பப் பின்னாடி சீட்டு எடுத்துடாத. மொகம் சரியாத் தெரியாட்டிப் பரவால்ல, மொகந்தான் எப்படியும் தெரியாதே. கை தெரியணும்."

பிறகு, முத்து காமிக்ஸின் மாயாவி மறுபதிப்பு பெரிய அளவில் வருகிறதாமே, எழுத்து பெரிதாக இருக்குமா என்று கேட்டார். டிசம்பரில் சென்னைக்குப் போகும் தோழியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். 'பாம்புத் தீவு' கிடைத்தால் இரண்டு வாங்கி வரச் சொன்னேன். ஒன்று எனக்கு.